கோடைக்குச் சிவப்புக் குழாய்

ஷார்ஜா தொழில்பேட்டையை ஒட்டிய அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் தண்ணீருக்கு மிகப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஆறாம் மாடிக்காரர்கள். தண்ணீர் மிகக் குறைவாக வருவதும் அவர்களுக்குத்தான். மொட்டைமாடித் தொட்டி அவர்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தண்ணீர் வேகம் பிடிக்க விழுவதற்கு உயரம் வேண்டுமே. இரண்டாம் மாடியில் குழாயைத் திறந்தால் கையைத் தட்டிவிடும். ஆறாம் மாடியில் நூல் பிடித்தாற்போல் ஒழுகும். பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்துக்கு வந்துபோகும் பிளம்பர் அருள்முருகனுக்கு இது மனப்பாடம். கட்டட முதலாளிக்குத்தான் தெரியாது. அவர் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போன இடத்தில், தங்கிய வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காம்பி பாய்லரைப் பார்த்து மயங்கிப்போய் வந்திருந்தார்.

அதற்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடுகிற வேகத்தில் கேஸ் தானாகப் பற்றிக்கொள்ளும், ஓடும்போதே தண்ணீர் சூடாகிவிடும். பழைய ஹீட்டர்கள் குளியலறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குந்திக்கொண்டு, வருடத்துக்கு ஒன்றாக ஓட்டை விழுந்து வீட்டை நனைத்துக்கொண்டிருந்தன. இருபத்து நான்கு வீட்டுக்கும் மாற்றிவிடலாம், முதலில் ஒரு வீட்டில் போட்டுக் காட்டு என்றார் முதலாளி. ஒரு வீடு என்று அவர் விரல் நீட்டியது, போயும் போயும், ஆறாம் மாடியில். 602.

அந்த வீட்டில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் இருந்தது. கிருபன் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கர். மனைவி தக்ஷாயினி. மகள் மிதுஷாவுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஜூன் கடைசி வாரம். பள்ளி மூட இன்னும் நாலைந்து நாள் இருந்தது.

அருள்முருகன் காலை ஆறேமுக்காலுக்குப் போய் மணி அடித்தபோது, மிதுஷா சீருடையோடு பால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் குளியலறைக்குள் ஏணியை நிறுத்தினதும் வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"அங்கிள், சிவப்பு டேப்பை உடைக்கப் போறீங்களோ?"

"இல்ல பாப்பா. சிவப்பு டேப் அப்படியேதான் இருக்கும்."

"சிவப்புதான் கூல். நீலம் சுடும்."

சொல்லிவிட்டுப் பால் குடித்தாள். அருள்முருகன் சிரித்தான். வளைகுடாவில் வளர்கிற பிள்ளைக்கு அதுதான் உலக நியதி. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் நாற்பத்தைந்து டிகிரிக்குச் சூடேறி நீலக் குழாயில் இறங்கும். ஆகவே மே பிறந்ததும் எல்லாரும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். ஏசி குளிரில் சீலிங்குக்கு மேலே கிடக்கிற ஹீட்டருக்குள் ஐம்பது லிட்டர் தண்ணீர் இரவெல்லாம் ஆறிக் கிடக்கும். குளிக்க அதைத்தான் திறப்பார்கள், சிவப்புக் குழாயில். அருள்முருகன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் ஒன்பது பேர் அப்படித்தான் குளித்தார்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதால் அவனும் யோசிக்கவில்லை.

தக்ஷாயினி மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்து சொன்னாள்: "அண்ணா, மகள் ஒண்டேகாலுக்கு வந்திடுவா. வந்த கையோட ஷவருக்குள்ள பூந்திடுவா, அவவைப் பிடிக்கேலாது. அதுக்கிடையில தண்ணியை விட்டுடுவீங்களோ?"

"அதெல்லாம் பன்னெண்டுக்குள்ள முடிஞ்சிரும் தங்கச்சி."

சமையலறைச் சுவரில் பாய்லரை முந்தின நாளே மாட்டி, கேஸ் இணைப்பும் கொடுத்தாயிற்று. அன்று காலை பழைய ஹீட்டரைக் கழற்றி இறக்கி, குழாயை இதோடு சேர்த்தான். பதினொரு மணிக்குச் சிவப்பைத் திறந்து பார்த்தான். பாய்லர் ஒரு தரம் முனகிவிட்டுச் சும்மா இருந்தது. தண்ணீருக்கு வேகம் இல்லை, அதனால் அது பற்றவில்லை. வெப்பத்தை அறுபதுக்கு ஏற்றிவைத்துப் பார்த்தான், அப்போதும் மூச்சு விடவில்லை. சூப்பர்வைசர் சுரேஷ்குமாருக்குப் போன் போட்டான்.

"நம்ம முதலாளி அர்பாப் நாலு மணிக்குப் பாக்க வர்றாரு அருள். ஸ்டோர்ல சின்ன பம்ப் ஒண்ணு கிடக்கு, அந்த வீட்டு லைன்ல மட்டும் மாட்டி விடு. பன்னெண்டரைக்கு முன்னாடி கீழ இறங்கிடணும், கேட்டியா? அதுக்கு மேல மொட்டமாடில உன்னை எவனாவது போட்டோ எடுத்தான்னா கம்பெனி அனுப்பலைன்னுதான் நான் சொல்லுவேன்."

கோடையில் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்பது அரசாங்கச் சட்டம். நல்ல சட்டம். போன வருடம் பக்கத்துக் கட்டடத்துக்கு அபராதம் விழுந்ததிலிருந்து இந்த முதலாளி ஒருபடி மேலே போய், பன்னிரண்டரை ஆனதும் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட வேண்டும், மூன்றுக்குத்தான் திறக்க வேண்டும் என்று வாட்ச்மேன் செய்கு முகம்மதுவுக்கு உத்தரவு போட்டிருந்தார். தொழிலாளியைக் காப்பாற்றுகிற பூட்டு.

பன்னிரண்டு இருபதுக்கு பம்ப் ஓடியது. மாடிக்கு வருகிற எவனும் அடுத்த வீட்டுத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று, அந்தந்த வீட்டு லைன் வால்வைத் திறந்துவிட்டு அதன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப் போவது அவர்கள் கம்பெனி வழக்கம். அருள்முருகனும் கழற்றினான். அதையும் ஸ்பேனரையும் பையில் போட்டான். வெயிலில் வெந்துவிடும் என்று போனையும் அதே பையில் வைத்து, கதவுக்கு உள்ளே படிக்கட்டின் இருட்டு மூலையில் கொண்டுபோய் வைத்தான். அப்படியே கீழே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் அவன் வேலையில் சுத்தம் பார்ப்பவன். இணைப்பில் ஈரம் கசிகிறதா என்று கடைசியாக ஒரு முறை பார்க்கத் தொட்டிகளுக்குப் பின்னால் வந்து குனிந்தான். கைவேலை நேர்த்தியாக இருந்தது. அதை ரசித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் குந்தியிருந்தான்.

இரும்புக் கதவு சாத்துகிற சத்தமும், சாவி திரும்புகிற சத்தமும் கேட்டன.

இந்த இடத்தில் ஒரு குரல் கொடுத்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். "பாய்" என்ற ஒரே வார்த்தை போதும். செய்கு முகம்மது கதவுக்கு அந்தப் பக்கம் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நிற்பது இவனுக்குத் துல்லியமாகக் கேட்டது. வாயையும் திறந்துவிட்டான். அப்போது கைப்பிடிச் சுவரின் இடைவெளியில் கீழே தெருவில் ஒரு வெள்ளைக் கார் நிற்பது கண்ணில் பட்டது. அதிலிருந்து கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒருவர் இறங்கி, கட்டடங்களின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டராக இருக்கலாம். வீடு பார்க்க வந்தவராகவும் இருக்கலாம். அருள்முருகனுக்கு விசா புதுப்பிக்க இன்னும் இருபது நாள். வாயை மூடிக்கொண்டு தொட்டிக்கு அடியில், அதன் நிழலுக்குள் தவழ்ந்து போனான். செய்கு முகம்மதுவின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

மூன்று மணி வரைதானே என்று நினைத்தான். நிழல் இருக்கிறது. தலைக்கு மேல் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூன்று மணிக்குக் கதவு திறந்ததும் சத்தமில்லாமல் கலந்துவிடலாம். தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் கும்பல் கும்பலாகத் திரும்பினார்கள். ஒரு சத்தம் போட்டால் நூறு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான். வெள்ளைக் கார் போனது. ஆட்களும் போனார்கள். தெரு காலியாயிற்று. அனல் காற்று அடித்தது. சிமெண்டுத் தரை பேன்ட்டைத் தாண்டிச் சுட்டது. இவன் தப்பித்தோம் என்று இருந்தான்.

திடீரென்று பக்கத்தில் பம்ப் ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. 602 சமையலறையில் தக்ஷாயினி பாத்திரம் கழுவியிருப்பாள். அங்கே இருப்பது ஒற்றைக் குழாய், பச்சைத் தண்ணீர் மட்டும். வீட்டுக்காரர்கள் குழாயைத் திறந்தால் பம்ப் தானாக ஓடும், மூடினால் நிற்கும். பம்ப்பில் இருந்த மீட்டர் முள் காட்டிய அழுத்தம் சரியாக இருந்தது. பெருமையாக இருந்தது அவனுக்கு. இனிமேல் சிவப்பைத் திறந்தால் பாய்லர் படீரென்று பற்றிக்கொள்ளும் என்று நினைத்தான்.

நினைத்த மறுநிமிஷம் வேர்வை நின்றுபோனது போல இருந்தது. சிவப்பைத் திறந்தால். அறுபதில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. உள்ளே போகிற தண்ணீரே நாற்பத்தைந்து. ஐம்பது லிட்டர் குளிர்ந்த தண்ணீரை வைத்திருந்த ஹீட்டரை அவன் கையாலேயே கழற்றிக் கீழே இறக்கியாயிற்று. சிவப்புதான் கூல் என்று சொன்ன பிள்ளை, பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரே ஷவருக்குள் ஓடி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சிவப்பை முழுசாகத் திறக்கும். காலையில் இருந்த நூல் தண்ணீராக இருந்தால் பாய்லர் பற்றாது, பிள்ளை தப்பித்துவிடும். வேகம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவன் அவன்.

கைக்கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்தெட்டு காட்டியது.

கைப்பிடியும் ஸ்பேனரும் போனும் பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்தன. வால்விடம் ஓடினான். கைப்பிடி கழற்றிய மொட்டைத் தண்டை விரலால் பிடித்துத் திருகினான். புது வால்வு, பல்லால் கடித்தாலும் திரும்பாது. பம்ப்பின் சுவிட்ச் படிக்கட்டுக்குள்ளே பெட்டியில் இருந்தது, வயர் இரும்புக் குழாய்க்குள் ஓடியது. கதவுக்குப் போய் இரண்டு கையாலும் அடித்தான். "பாய், செய்கு பாய், கதவைத் தொறங்க" என்று தொண்டை கிழியக் கத்தினான். அந்த நேரத்தில் கதவுக்குக் கீழே படிக்கட்டில் யார் இருக்கப்போகிறார்கள்? ஆறு மாடியிலும் ஜன்னலை அடைத்து ஏசி ஓடிக்கொண்டிருந்தது. செய்கு முகம்மது தரைத்தளத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கைப்பிடிச் சுவருக்கு வந்து தெருவைப் பார்த்துக் கத்தினான். அரை மணி நேரம் முன்பு யார் கண்ணில் படக்கூடாதென்று ஒளிந்தானோ, அவர்களில் ஒருவராவது இப்போது வந்துவிட மாட்டாரா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு பூனைகூட நடமாடவில்லை. தொப்பியை எறிந்தான். அது காற்றில் சுழன்று பக்கத்துக் கட்டடத்து ஏசி மேல் போய்த் தங்கிவிட்டது.

ஒன்று பன்னிரண்டுக்கு மஞ்சள் பஸ் திரும்பியது. மிதுஷா இறங்கினாள். முதுகை விடப் பெரிய பை.

"பாப்பா, சிவப்பைத் தொறக்காத. சிவப்பைத் தொறக்காத பாப்பா."

பஸ்ஸின் இரைச்சலில் எதுவும் போய்ச் சேரவில்லை. ஆனால் பிள்ளை அண்ணாந்து பார்த்தது. கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தது. ஆள் அடையாளம் தெரிந்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு, வாசல் கூரைக்கு அடியில் நின்ற அம்மாவிடம் ஓடிவிட்டது.

லிப்டுக்கு ஒரு நிமிஷம். பை கழற்ற, சப்பாத்துக் கழற்ற இன்னொரு இரண்டு நிமிஷம். அவ்வளவுதான் இருந்தது.

ஒரே ஒரு வழி பாக்கி. தொட்டியிலிருந்து கட்டடத்துக்கே இறங்குகிற பெரிய குழாயில் ஒரு இரும்புச் சக்கரம் இருக்கிறது. அதை மூடினால் இருபத்து நான்கு வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் நிற்கும். சூப்பர்வைசர் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. இரண்டு வருடம் முன்பு முனியசாமி என்பவன் ஒரு கசிவை அடைக்க அதைப் பத்து நிமிஷம் மூடினான். தண்ணீர் இல்லாமல் ஓடிக் கீழ்த்தள பம்ப் ஒன்று எரிந்துபோயிற்று. மூன்றாம் நாள் முனியசாமி ஊருக்குப் போகும் விமானத்தில் இருந்தான். அந்தச் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றபோது அருள்முருகனுக்கு முனியசாமி முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். கால் ஒரு கணம் தரையில் ஒட்டிக்கொண்டது. பிறகு கை ஆட்டிய பிள்ளையின் முகம் வந்தது.

சக்கரம் அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரி இருந்தது. சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு திருகினான். துரு பிடித்து உறுதியாக உட்கார்ந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளியதும் ஒரு முனகலோடு அசைந்தது. ஒரு சுற்று. இரண்டு. துணி வழுக்கியது. துணியை உதறிவிட்டு வெறுங்கையால் பிடித்தான். ஐந்து. ஆறு. உள்ளங்கையில் ஏதோ பிய்வது தெரிந்தது. ஒன்பதாவது சுற்றில் பக்கத்தில் பம்ப் ஓட ஆரம்பித்தது.

அவன் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே திருகினான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பம்ப்பின் சத்தம் மெலிந்து, காற்றை உறிஞ்சுகிற கீச்சுச் சத்தமாக மாறியது. பதினான்காவது சுற்றில் சக்கரம் முட்டி நின்றது. முள் பூஜ்ஜியத்தில் விழுந்தது.

பம்ப் ஓடத் தொடங்கியதற்கும் முள் விழுந்ததற்கும் நடுவில் எத்தனை வினாடி என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வினாடிகளுக்குள் ஒரு பிள்ளை நின்றிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கீழே என்ன சத்தம் கேட்கிறது என்று தரையில் காதை வைத்துப் பார்த்தான். கன்னம் சுட்டதுதான் மிச்சம்.

தண்ணீர் நின்றால் வீடுகள் சும்மா இருக்குமா? பத்து நிமிஷத்தில் சாவி திரும்பியது. செய்கு முகம்மது வாயில் சோற்றோடு வந்து நின்றார். இவனைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி, நீ உள்ளயா இருந்தே? யா அல்லா, ஆள் இருக்கப் பூட்டினேன்னு தெரிஞ்சா எனக்கும் விசா கேன்சல்தான். சூப்பர்வைசரு வேற வந்துக்கிட்டிருக்காரு. மெயின் வால்வைத் தொற. நீ மேல வரலெ, நான் பூட்டலெ. லைன்ல காத்து அடைச்சிக்கிச்சுன்னு சொல்லிக்கிடுவோம். ஹலாஸ், முடிஞ்சிச்சு."

"602 பிள்ளை எப்படி இருக்கு பாய்?"

"எந்தப் பிள்ளை?"

அவன் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

602 கதவு திறந்திருந்தது. குளியலறை வாசலில் தக்ஷாயினி முழங்காலிட்டு இருந்தாள். மிதுஷா துவாயைச் சுற்றிக்கொண்டு விக்கி விக்கி நின்றாள். வலது கை முழங்கை வரைக்கும் செக்கச் செவேலென்று இருந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த ஒரே ஒரு போத்தல் தண்ணீரைத் தாய் துளித்துளியாக அதன் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில், தலையில், முதுகில் எதுவும் இல்லை. அருள்முருகன் பார்வையால் தடவித் தடவிப் பார்த்தான். கை மட்டும்தான். நேராகச் சமையலறைக்குப் போய் பாய்லரை அணைத்து, கேஸையும் மூடிவிட்டு வந்தான்.

"இவ்வளவு சத்தமாத் தண்ணி வந்ததில பயந்து கையை மட்டும் நீட்டிப் பாத்தவள்" என்றாள் தக்ஷாயினி. யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்காமல் சொன்னாள். "நான் ஓடி வாறதுக்கிடையில தண்ணி தானா நிண்டிட்டுது. நிக்காட்டி..."

"அங்கிள், நான் உங்களுக்குக் கை காட்டினனான்" என்றாள் மிதுஷா, விக்கலுக்கு நடுவில். "நீங்க என்னமோ கத்தினீங்க. கேக்கேல்லை."

தக்ஷாயினி நிமிர்ந்தாள். சட்டையில்லாமல், உள்ளங்கை உரிந்து நின்றவனை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள்.

"மேலயோ நிண்டனீங்கள்? எப்ப இருந்து?"

"பன்னெண்டரைல இருந்து."

"அப்ப ஏன் அண்ணா எங்களைக் கூப்பிடேல்லை?"

லிப்டிலிருந்து சுரேஷ்குமார் வந்து வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் செய்கு முகம்மது, கும்பிடாத குறையாக இவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு பூட்டியிருந்தது என்ற இரண்டு சொற்கள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. பொய்யுமில்லை அது. எல்லாரும் நம்புவார்கள். அவனே கூட நாளாவட்டத்தில் நம்பிவிடலாம்.

"கதவு பூட்டும்போது பாய் அந்தப் பக்கம்தான் நின்னாரு தங்கச்சி. ஒரு குரல் குடுத்திருந்தா தொறந்திருப்பாரு. தொழுகை முடிஞ்சு தெருவுல நூறு பேரு போனாங்க. அப்பவும் நான் கத்தல. வேலை போயிருமேன்னு வாயை மூடிக்கிட்டு ஒளிஞ்சு உக்காந்திருந்தேன். சூட்டை அறுபதுல வச்சது நாந்தான். கோடைல சிவப்பைத்தான் தொறப்பீங்கன்னு எனக்கும் தெரியும். அரை மணி நேரம் பாப்பா ஞாபகமே வரல எனக்கு. அதுதான் நடந்துச்சு."

செய்கு முகம்மது சுவரில் சாய்ந்துகொண்டார். தக்ஷாயினி அவனை மன்னித்தாளா, சபித்தாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். காலியாகிவிட்டிருந்தது.

"இந்த வீட்டில இனிக் குளிர்ந்த தண்ணி இல்லை" என்றாள். "கீழக் கடையில போத்தல் தண்ணி வாங்கிக்கொண்டு வாங்கோ. கனக்க வாங்குங்கோ. கெதியா ஓடுங்கோ."

அருள்முருகன் திரும்பினான். வாசலை மறித்து நின்ற சுரேஷ்குமார், "அருள், நில்லு. மெயின் வீலை மூடுனது நீதானா? இப்படிச் சொல்லிட்டா உன்னை நான் எப்படிக் காப்பாத்துறது?" என்று தோளைப் பிடித்தார்.

அவன் அந்தக் கையை எடுத்துவிட்டு, லிப்டுக்குக் காத்திருக்காமல் படிக்கட்டில் இறங்கி ஓடினான்.